இடப்பக்க மூன்றாம் விலா

எக்ஸ்ரே தகடுகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருக்காதே,
தீப்பற்றும் என்றது சுற்றறிக்கை.
நான் வைத்திருக்கவில்லை.
லெனின்கிராடில், மருத்துவமனைப் பின்வாசலுக்கு
வெள்ளி தவறாமல் யெர்மோலாய் வருவான்.
அவன் கோட்டிலிருந்து ஒரு பாட்டில் வெளியே வரும்,
என் கோட்டிலிருந்து ஒரு கட்டு நெஞ்சுக்கூடு.

எதற்கு என்று கேட்டதில்லை.
கேட்டால் தெரிந்துவிடும்.
தெரிந்தால் குற்றம்.

எங்கள் குடியிருப்பில் ஏழு குடும்பம், ஒரே சமையலறை,
ஏழு ஸ்டவ், பூட்டுப் போட்ட ஏழு அலமாரி.
யார் உப்பை யார் எடுத்தார் என்று
போர் முடிந்த பின்னும் முடியாத போர்.
ஒரு நள்ளிரவு, சுவருக்கு அப்பால்,
மாணவன் க்ளேபின் அறையில் ட்ரம்பெட்,
போர்வைக்குள் அமுக்கிய பூனைபோல.
போய்த் தட்டினேன், திட்டத்தான்.
கதவு திறந்தது.
கிராமபோனில் ஒரு மனிதன் சுற்றிக்கொண்டிருந்தான்.

நகக் கத்தரியால் நறுக்கிய வட்டம்,
சரியான வட்டம்கூட இல்லை.
முதுகெலும்பின் நடுவே சிகரெட்டால் சுட்ட துளை.
விலா விலாவாய் ஏறி இறங்கியது ஊசி,
படிக்கட்டில் குடிகாரன் போல.
முதலில் மணல் கொட்டும் சத்தம்தான்.
பிறகு அந்த மணலுக்குள்ளிருந்து,
எந்த நாட்டிலோ யாரோ ஊதிய
பித்தளை வெயில்.

தொழில் புத்தி போகுமா,
தகட்டை எடுத்து விளக்கில் பிடித்தேன்.
இடப்பக்க மூன்றாம் விலா:
முறிந்து, கோணலாய்க் கூடியது.
இவரைத் தெரியும் எனக்கு.
பதினான்காம் எண் டிராமின் நடத்துநர், ஸாவ்வா.
'இழுங்கள். பிடியுங்கள்' என்றேன் அன்று.
அதற்குள் தொலைபேசி என்று யாரோ கூப்பிட,
ஓடிவிட்டேன்.
திரும்பி வந்தால், முகம் சிவந்து,
இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறார் அந்த ஒழுங்கான மனிதர்.
மார்ச்சில் இறந்தார்.
விலாவால் அல்ல, அதன் பின்னாலிருந்த நிழலால்.

'மறுபடி போடு' என்றேன்.

ஒவ்வொருவராய்க் கதவோரம் வந்தார்கள்.
தலைமுடியில் காகிதச் சுருளோடு கர்னலின் விதவை,
பனியனோடு தச்சர் புரோகோர்.
பகலில் முகம் பார்க்காத இரண்டு பேர்
ஒரே நிலைப்படியில் சாய்ந்திருந்தார்கள்.
அக்னியா பெத்ரோவ்னா
வெறுங்காலால் தரையில் தாளம் தட்டினாள்.
அந்த நீண்ட சுரம் அறுபடும் இடத்தில்
என்னை அறியாமல் சொன்னேன்:
'விடலாம்.'

மறுவாரம் மனு எழுதியவள் அதே அக்னியாதான்.
இரண்டு தடவையும் அவள் பொய் சொல்லவில்லை.

க்ளேபைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள்.
யெர்மோலாய்க்கு மூன்றாண்டு.
என் பெயரை அவன் சொல்லவில்லை.
தகடு என் மாவு டப்பாவில் இருந்தது,
மாவில் யாரும் இசை தேடவில்லை.

பல் கொட்டித் திரும்பி வந்தான்.
சில வருடத்தில் அதே மாதிரி இசையை
அரசுக் கடையிலேயே விற்றார்கள்.
வரிசையில் நின்றான், காசு கொடுத்தான், வாங்கினான்.
இசைத்தட்டை அல்ல,
ரசீதைத்தான் வெகுநேரம் பார்த்தான்.

இன்று ஹாம்பர்க் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண்,
பஞ்சுக் கையுறையோடு.
சுவர்களை இடித்தது இசைதான் என்கிறாள்.
சம்மட்டி, மகளே. டி.வி.யில் பார்த்தேன்.
இசை செய்தது அதைவிடச் சின்னது.
அந்த இரவுக்கு மறுநாள் காலை
ஏழு பூட்டில் ஒன்று திறந்து கிடந்தது.
யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.
நான் கொஞ்சம் உப்பு எடுத்துக்கொண்டேன்.

தகட்டைச் சுழலவிட்டுக் கண் மூடிக் கேட்டாள்.
தேய்ந்துவிட்டது, இப்போது மணல்தான் அதிகம்.
'யார் இவர்?' என்றாள், பேனாவைத் திறந்து.
'ஸாவ்வா' என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டாள்.